விரல்கள் தெளியும் வேகம்

எங்கள் வீட்டுக் கணினியின் செயலியை மாற்றுவதா, வேண்டாமா என்ற வினா எழுந்தபோது என் மகள் கனடாவில் கருவைச் சுமந்துகொண்டிருந்தாள். இவ்விரண்டையும் ஒரே தொடரில் எழுதுவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். இரண்டாயிரங்களின் இறுதியில் வந்த அந்த மழைக்காலத்தில் எங்களுக்கு இவை இரண்டும் ஒரே கவலையாகவே இருந்தன.

என் மகளுக்குப் பிறவியிலிருந்தே செவிப்புலன் இல்லை. அதனால் பேச்சும் வரவில்லை. இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தோட்ட மருத்துவிச்சி என்ற முறையில் என் மனைவிக்கு வழங்கப்பட்ட விடுதியில், நாங்கள் மூவரும் கைகளாலேயே பேசி வாழ்ந்தோம். அச்சைகைகளுட் சில அவள் படித்த பாடசாலை கற்பித்தவை. பெரும்பாலானவை நாங்களே வீட்டில் ஆக்கிக்கொண்டவை. வெளியார் எவருக்கும் விளங்காதவை. எழுதவும் வாசிக்கவும் அவள் அறிவாள். எனினும் எழுத்தில் அவள் எப்போதும் சிக்கனக்காரி. ஒரு மாலைப்பொழுது முழுவதும் கைகளாற் சொல்லக்கூடியதைத் தாளில் மூன்று சொற்களில் முடித்துவிடுவாள்.

உறவுக்குள் நிகழ்ந்த திருமணத்தின் பின் அவள் கனடா சென்றாள். மருமகனுக்கும் செவித்திறன் குறைவு. கருவியின் துணையோடு ஓரளவு கேட்பார், நன்றாகப் பேசுவார். அவர்களுடன் அவருடைய தமக்கையும் வாழ்ந்தார். மகளிடமிருந்து வரும் மின்னஞ்சல்களில் ‘நலம். சாப்பிட்டேன். வெயில்’ என்ற அளவே இருக்கும். தமக்கையார் எழுதுபவை நீளமானவை, அன்பானவை. மருத்துவரிடம் தாமே அழைத்துச் செல்வதாகவும், அவர் கேட்கும் வினாக்களுக்கெல்லாம் தம்பி மனைவியின் பொருட்டுத் தாமே விடை கூறுவதாகவும் ஒருமுறை எழுதியிருந்தார். அதை நான் உரக்கப் படித்தபோது என் மனைவி பாத்திரம் துலக்குவதை நிறுத்தினாள்.

“கேக்கிறவரு டொக்டரு, பதில் சொல்றது நாத்தனாரு. அப்ப அங்க புள்ளத்தாச்சி யாருங்க?”

அந்த அம்மையார் நல்லவர்தாம், உதவி செய்யவே விரும்புகிறார் என்று நான் கூறினேன். நல்லவர் என்பதை அவள் மறுக்கவில்லை. ஆயினும் தன் வாழ்நாள் முழுவதும் கருவுற்ற பெண்களோடு பழகிய அவளுக்கு, ‘நலம்’ என்று எழுதி வருவது எதையும் உறுதிப்படுத்தவில்லை. நடையைப் பார்க்க வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தாள். பேறுகாலம் நெருங்க நெருங்க அந்தச் சொல் குறைந்து, அவளுடைய உறக்கமும் குறைந்தது.

எங்கள் பகுதிக்கு அப்போதுதான் வேகமான இணைய இணைப்பு வந்திருந்தது. ஒளிப்படக்கருவி ஒன்றை வாங்கிக் கணினியின் மேல் பொருத்தினேன். மகள் படித்த காலத்தில் வாங்கிய கணினி அது. பின்னர் என் கட்டுரைகளைத் தட்டெழுதுவதற்கே பயன்பட்டு வந்தது. எழுத்துக்கு அதன் வேகம் போதுமானதாக இருந்தது. முதல் ஞாயிறு மாலை, கனடாவில் அது காலைப்பொழுது, அவள் முகம் திரையில் தோன்றியது. தோன்றியபடியே உறைந்து நின்றது. பின்னர் ஒரு துள்ளலில் வேறொரு நிலைக்குத் தாவி மீண்டும் உறைந்தது. அவள் கைகளை உயர்த்திப் பேசத் தொடங்கியதும் முழங்கைக்கு மேல் எல்லாம் சாம்பல் நிறத் தீற்றலாக மாறிற்று. அவளுக்கும் எங்கள் கைகள் அவ்வாறே தெரிந்திருக்க வேண்டும். ஒரே செய்தியை மீண்டும் மீண்டும் சொல்லிப் பார்த்தாள், பின்னர் புன்னகைத்தாள். அவளுடைய கைகள் மடியில் விழுந்ததை மட்டும் அக்கணினி பிழையின்றிக் காட்டியது.

மஸ்கெலியா நகரில் இணைய நிலையம் ஒன்று இருந்தது. அங்கும் சென்று பார்த்தோம். படம் தெளிவாகவே வந்தது. ஆனால் நாங்கள் கையசைத்துப் பேசுவதைக் காண எங்கள் முதுகுக்குப் பின்னே ஆட்கள் கூடிவிட்டனர். திரையில் அந்த முகங்களைக் கண்ட மகள் கைகளை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து என் மனைவி அந்த நிலையத்தின் பெயரையே எடுப்பதில்லை.

புதிய கணினி வாங்கும் நிலையில் நாங்கள் இருக்கவில்லை. எனவே பழையதைப் பையிற் கட்டிப் பேருந்தில் ஏற்றி, அட்டன் நகரில் கணினி பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டு சென்றேன். அவர் கினிகத்தேனையைச் சேர்ந்த சிங்களவர், ஐம்பதை அண்மித்தவர், தமிழைத் தயக்கமின்றிப் பேசுபவர். தம் திறமையைத் தாமே புகழ்ந்துகொள்வதிலும் அவருக்குத் தயக்கம் இருந்ததில்லை. கணினியை இயக்கி, அதன் உழைப்பைக் காட்டும் வரைகோட்டை எனக்குச் சுட்டிக் காண்பித்தார். கோடு உச்சியைத் தொட்டபடி நின்றது.

“பாருங்க சேர், லைன்ல பிழை இல்ல. கமரால பிழை இல்ல. புரசஸர் இருக்காரே, இவருக்குத்தான் மூச்சு வாங்குது. வயசு போச்சு. நம்மளப் போலத்தான்.”

கணினிக்கு மூளை போன்ற அச்செயலிக்கு மாற்றாக மூன்றை மேசைமேல் எடுத்து வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் மூன்று சதுரங்கள். மூன்றும் கழற்றிய பழைய கணினிகளிலிருந்து பெற்றவை. ஒன்று, எங்களுடையதைவிடச் சற்றே விரைவானது. அதை எடுத்துப் பொருத்தினால் உடனே இயங்கும். மற்றொன்று மிக விரைவானது. எங்கள் தாய்ப்பலகை அதை ஏற்காது. எங்கள் பலகையின் ஆற்றலுக்கு அது அப்பாற்பட்டது என்று கூறி அதை மீண்டும் பெட்டிக்குள் வைத்துவிட்டார். எஞ்சிய நடுத்தரமானதே சிக்கலுக்குரியது. பலகை அதைத் தாங்கும். ஆனால் அது எதுவென்று அறியாது. பலகையினுள் உறையும் அடிப்படைக் கட்டளைகளை அழித்துவிட்டுப் புதியனவற்றை எழுதினாலன்றி அச்செயலியை அது அடையாளம் காணாது.

எது போதும் என்பதை அறிய அவரிடம் ஒரு வழி இருந்தது. தம் கடையிலிருந்த வேறொரு கணினியில் இரு செயலிகளையும் மாறி மாறிப் பொருத்தினார்; ஒளிப்படக்கருவியை என் முன்னே வைத்தார்; பக்கத்து அறையிலிருந்த கணினியுடன் இணைத்தார். “இப்ப மகளோட பேசுற மாதிரியே கைய ஆட்டுங்க சேர். மெதுவா வேணாம். வீட்ல பேசுற வேகத்துல.” நாற்பதாண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். அக்கடையில், விற்பனைக்கு வைத்திருந்த பழைய திரைகளின் நடுவே, என் மகளுக்கு மட்டுமே விளங்கும் சைகைகளைக் காற்றில் வரைந்துகொண்டு நின்றபோது நாணம் என்னைப் பிடுங்கித் தின்றது. உடம்பு எப்படி, சாப்பாடு இறங்குகிறதா, பிள்ளை அசைகிறதா என்று அவள் இல்லாத இடத்தில் கேட்டேன். அடுத்த அறையின் திரையை அவர் பதிவு செய்து காட்டினார். விரைவு குறைந்த செயலியில் என் கை கைபோலத் தெரிந்தது. விரல்கள் ஒட்டிக் கிடந்தன. நடுத்தரமானதில் ஐந்து விரல்களும் பிரிந்து தெரிந்தன.

அதன் பின்னரே ஆபத்தைச் சொன்னார். கட்டளைகளை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் ஒரு கணம் தடைப்பட்டால் என்னவாகும் என்று கேட்டேன்.

“போச்சுன்னா போச்சுத்தான் சேர். போட் செத்துரும். பழைய புரசஸரப் போட்டாலும் எழும்பாது.”

“வேறு தாய்ப்பலகை?”

“இந்த மாதிரி இப்ப வர்றதில்ல. கொழும்புல தேடணும். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.”

பேறுகாலத்துக்கு முன் கிடைக்காது என்பதை நான் உணர்ந்துகொண்டேன். உறைந்தும் தாவியும் தெரியும் அந்த முகமும் அப்போது இல்லாமற்போகும்.

வீடு திரும்பி என் மனைவியிடம் எல்லாவற்றையும் எடுத்துரைத்தேன். ஆபத்தில்லாத சிறிய செயலியே தக்கது என்று முடிவாகச் சொன்னேன். முழுவதையும் கேட்டபின் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அதுல விரல் தெரியுமா?”

“ஓரளவு தெரியும்.”

“ஓரளவுன்னா எப்பிடி? ஒட்டிக்கிட்டுத்தான தெரியும்? நீங்கதான சொன்னீங்க.”

ஒன்றுமே இல்லாமற்போவதைவிட அது மேலல்லவா என்றேன்.

“இல்லீங்க. பாதி தெரிஞ்சா நான் மீதிய நானா நெனச்சுக்குவேன். அதுக்குத் தெரியாமலே இருந்துட்டுப் போறேன். நடுவுல உள்ளதப் போடச் சொல்லுங்க.”

நான் இரு நாள் உடன்படாதிருந்தேன். அவள் மேற்கொண்டு வாதாடவில்லை. என்னோடு பேசுவதையும் வெகுவாகக் குறைத்துக்கொண்டாள். இறுதியில் நான் இணங்கினேன். அடுத்த கேள்வி, எங்கு, எப்போது என்பது. அட்டனில் அம்மழைக்காலம் முழுவதும் மின்சாரம் தன் விருப்பப்படி வந்து போயிற்று. மின்தடையின்போது கைகொடுக்கும் மின்காப்புப் பெட்டி கடையில் இருந்தது; அதன் மின்கலமும் பழுதாகிக் கிடந்தது. எங்கள் தோட்டத்தின் நிலை வேறு. தோட்டத்துக்கென்றே அருவியொன்றில் இயங்கிய சிறு மின்னாக்கி தொழிற்சாலைக்கும் உத்தியோகத்தர் விடுதிகளுக்கும் ஒளி தந்தது. மழைக்காலத்தில் அது ஓய்வதில்லை. ஒரே குறை, தொழிற்சாலை எந்திரங்கள் இயங்கத் தொடங்கும் கணத்தில் மின்னழுத்தம் தாழ்ந்து, விடுதி விளக்குகள் செந்நிறமாகிப் பின் மீளும். சில வேளை கணினியும் அணைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை ஓய்வு. ஆகவே ஞாயிறு நண்பகலைத் தேர்ந்தோம். பழுதுபார்ப்பவரும் வரச் சம்மதித்தார்.

அந்த ஞாயிறு, பல நாள் மழைக்குப் பின் வெயில் எறித்தது. விடிந்ததும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பாதைகளில் ஆட்களை அழைக்கும் குரல்கள் கேட்டன. கொழுந்து மிகுந்து வளர்ந்துவிட்டதால் அன்று கைக்காசுப் பறிப்பு. தோட்டத்தில் அதற்கொரு தனி முறை உண்டு: ஞாயிற்றில் விரும்பியோர் கொழுந்து பறிக்கலாம், நிறுத்தவுடன் கையில் காசு கிடைக்கும், நாட்சம்பளப் பதிவில் பெயர் ஏறாது, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. எனவே மலை முழுவதும் ஆட்கள் நின்றாலும் அது வேலைநாள் என்று எவரும் சொல்வதில்லை. ‘இன்னைக்கு வேலை இல்ல, கைக்காசு’ என்பதே எங்கள் வழக்கு. அவ்வழக்கில் ஊறிய நாங்களும் அன்று மகிழவே செய்தோம். லயங்கள் வெறிச்சோடிவிட்டன, மனைவியைத் தேடி எவரும் வரமாட்டார்கள், அமைதியாக இருக்கும் என்று எண்ணினோம். பறித்த கொழுந்து எங்கே போகும் என்பதை இருவருமே எண்ணவில்லை. தோட்டத்துக்கு வெளியே வாழ்பவர் எவரேனும் எங்கள் இடத்தில் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

பழுதுபார்ப்பவர் நண்பகற் பேருந்தில் வந்தார். கருவிப் பையைத் திறக்குமுன்பே எங்கள் சுவரின் பூச்சு, கூரைத் தகரம், தேநீரின் சாயம் ஆகிய யாவற்றைப் பற்றியும் கருத்துரைத்தார். உணவு முடிந்ததும் கணினியின் முன் அமர்ந்தார். மின்னழுத்தத்தைக் கண்காணிக்க மேலே விளக்கை எரியவிட்டோம். புதிய கட்டளைகள் அடங்கிய நெகிழ்தட்டை உட்செலுத்தினார். கறுத்த திரையில் எச்சரிக்கை வாசகம் ஒன்று தோன்றி, உறுதிதானா என்று வினவியது. அவர் என்னைப் பார்த்தார். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் தலையசைத்தாள். விசையை அழுத்தினார். பழைய கட்டளைகள் அழிந்தன. திரையின் நடுவே வெண்ணிறப் பட்டையொன்று, எறும்பு ஊர்வதுபோல், இடமிருந்து வலமாக வளரத் தொடங்கியது.

அப்போதுதான் வீதியில் உந்து ஒன்று இரைந்து ஏறும் ஒலி கேட்டது. என் மனைவி சன்னலருகே சென்றாள். கொழுந்து லொறி, சாக்குகள் நிரம்பத் தொழிற்சாலையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அது இரண்டாவது லொறி. முதலாவது நாங்கள் உணவருந்தும்போதே போயிருக்க வேண்டும். கொழுந்து வந்து இறங்கினால் அதைப் பரப்பி, தட்டுகளின் கீழிருந்து காற்றடிக்கும் பெருவிசிறிகளை ஓடவிட்டே தீர வேண்டும். இதை எங்களுக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. அந்த விசிறிகளின் இரைச்சலில்தான் எங்கள் மகள் வளர்ந்தாள்; அவ்வீட்டில் அதைக் கேளாதவள் அவள் ஒருத்தியே.

“நிறுத்த முடியுமா?” என்று கேட்டேன்.

“இப்ப நிப்பாட்ட ஏலாது சேர். பழசு அழிஞ்சு போச்சு, புதுசு இன்னும் முழுசா ஏறல.” அவர் குரலில் முதன்முறையாகப் பெருமிதம் இல்லை.

என் மனைவி செருப்பையும் போடவில்லை. தொழிற்சாலை எங்கள் விடுதிக்கு நேர் மேலே, கற்படிகளின் முடிவில், கூப்பிடு தொலைவில் இருந்தது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் படியேறுவதைச் சன்னல் வழியே கண்டேன். ஐம்பத்தைந்தைக் கடந்த பெண், ஈரமான படிகள். விழுந்துவிடுவாளோ என்று அஞ்சினேன். பின் அவள் மறைந்தாள்.

அங்கு நிகழ்ந்ததை அவள் பின்னர் சொன்னாள். தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் விசிறிகளை இயக்கும் மின்விசைப் பெட்டியருகே நின்றிருந்தார். சற்றுப் பொறுக்குமாறு அவள் வேண்டினாள். அவர் அதிர்ந்துபோனார்.

“அம்மா, கொழுந்து நனைஞ்சது. சாக்குலயே சூடேறி வந்திருக்கு. கைய வச்சுப் பாருங்க. காத்து வைக்கலேன்னா சிவந்துரும், தொரைக்கு நான்தான் பதில் சொல்லணும்.”

“கொஞ்ச நேரந்தாங்க கேக்கிறேன்.”

“எதுக்கு அம்மா? யாருக்கும் வலி எடுத்திருக்கா?”

கணினிக்காக என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. “எம் மகளப் பாக்கணும்” என்றாள். அவருக்கு எதுவும் விளங்கவில்லை. மகள் கனடாவில் அல்லவா என்று கேட்டார். அவருடைய பிள்ளைகள் இருவரையும் இவளே ஏந்தியெடுத்தவள். அதையும் சொல்லிப் பார்த்தாள். “அது வேற, இது வேற அம்மா” என்று அவர் வருந்திக் கூறினார். அதன்மேல் அவள் மின்விசைப் பெட்டிக்கும் அவருக்கும் இடையே போய் நின்றுகொண்டாளாம். ஆட்கள் கையிலிருந்த கொழுந்தைப் போட்டுவிட்டுப் பார்த்தனர். இறுதியில் அவர், கடைசித் தட்டைப் பரப்பி முடிக்கும்வரை பொறுப்பதாகவும் அதற்கு மேல் ஒரு கணமும் தரமுடியாது என்றும் சொல்லி, ஆட்களைப் பரப்பச் சொன்னார். ‘மெதுவாப் பரப்புங்க’ என்று மட்டும் அவர் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் மெதுவாகவே பரப்பினார்கள் என்பது என் மனைவியின் எண்ணம்.

கீழே நான் பட்டையைப் பார்க்கவில்லை. என்னால் இயலவில்லை. மேலே எரிந்த விளக்கையே நோக்கி நின்றேன். பழுதுபார்ப்பவரின் உதடுகள் ஓசையின்றி அசைந்துகொண்டிருந்தன. பாதி கடந்துவிட்டது என்று அவர் சொன்னார். பட்டை நின்றுவிட்டதா என்று கேட்டேன். நகர்கிறது, நகர்கிறது என்றார். “முடிஞ்ச மாதிரி…” என்று அவர் தொடங்கிய அதே கணத்தில் விளக்கு செந்நிறமாகித் தாழ்ந்தது. மேலிருந்து விசிறிகளின் ஓலம் எழுந்தது. கணினி அணைந்தது.

எழுதி முடிந்ததா, முடியுமுன் அணைந்ததா? விளக்கு மீண்டும் வெளிறி ஒளிரும்வரை காத்திருந்தோம். அவர் விசையை அழுத்தினார். உள்ளிருந்த விசிறி சுழன்றது. திரை கறுப்பாகவே இருந்தது. அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். மீண்டும் அழுத்தினார். அதே கறுப்பு. அவர் நாற்காலியில் பின்னே சாய்ந்தார். என் மனைவி வாயிலில் வந்து நின்றாள், காலெல்லாம் சேறு. எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

அவர் குனிந்து, பலகையிலிருந்த காசளவான மின்கலத்தை நெம்பி எடுத்தார். பழைய நினைவு ஏதேனும் தங்கியிருந்தால் போகட்டும் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, நெடுநேரம் அதை உள்ளங்கையில் வைத்திருந்தார். மீண்டும் பொருத்தி அழுத்தியபோது கணினியிலிருந்து ஒரு சிறு கூவல் எழுந்தது. திரையில் வெள்ளெழுத்துகள் ஓடின.

“எழும்பிட்டாரு. எழுதி முடிஞ்ச பொறகுதான் அணைஞ்சிருக்கு,” என்றார்.

பழைய செயலியைக் கழற்றி, நடுத்தரமானதை அவர் பொருத்திய விதம் என் நினைவில் தெளிவாக இல்லை. பலகை புதியவரை ஏற்றுக்கொண்டது என்பது மட்டும் நினைவிருக்கிறது. பேருந்துக்கு நேரமிருந்தும் அவர் புறப்படவில்லை. பார்த்துவிட்டே போவேன் என்றார்.

ஞாயிறு காலைகளில் மருமகனின் தமக்கை கோவிலுக்குச் செல்வது வழக்கம். மருமகன் இரவுவேலை முடிந்து உறங்குவார். மகள் தனித்திருக்கும் நேரம் அது. அந்தி சாயும் வேளையில் அவள் திரையில் வந்தாள். அவள் தலையைச் சாய்த்தாள்; அந்த அசைவு உறையாமல், தாவாமல் தெரிந்தது. கைகளை உயர்த்தினாள். ஒவ்வொரு விரலும் தனித்தனியே தெரிந்தது. பல மாதங்களாகச் சேர்த்துவைத்திருந்தது எல்லாம் அவள் கைகளிலிருந்து கொட்டியது: மாடிப்படி ஏற விடுகிறார்களில்லை, பிள்ளை விலாவிலேயே உதைக்கிறது, பக்கத்து வீட்டு நாய் தன்னைக் கண்டால் மட்டும் குரைப்பதில்லையாம். நான் சிரித்தேன், விடையளித்தேன். என் கண்கள் கலங்கின.

என் மனைவி விடையளிக்கவில்லை என்பதைச் சற்றுப் பிந்தியே கவனித்தேன். திரையோடு ஒட்டினாற்போல் முன்னே குனிந்திருந்தாள். மகள் சொல்வதை அவள் பின்தொடரவில்லை. கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். மோதிரம் எங்கே என்று கேட்டாள். மகள் கழுத்துச் சங்கிலியை இழுத்துக் காட்டினாள்; மோதிரம் அதில் தொங்கியது. விரலில் ஏறவில்லையாம். கையை அருகே கொண்டுவா, திருப்பு, முகத்தை ஒளியிற் காட்டு, காலை உயர்த்திக் கணைக்காலில் பெருவிரலால் அழுத்து என்று வரிசையாகக் கேட்டாள். மகள் விளையாட்டுபோல் ஒவ்வொன்றாகச் செய்தாள். அழுத்திய இடம் குழிந்து, குழிந்தபடியே நின்றது.

தலை வலிக்கிறதா? ஆம், சில நாள்களாக. கண்முன் பொறி பறக்கிறதா? மகள் வியந்தாள், அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். யாரிடமேனும் சொன்னாயா? தலைவலியை மட்டும் சொன்னாளாம். எல்லோருக்கும் வருவதுதான் என்றாராம் நாத்தனார். மருத்துவரைக் காணும் நாள் இந்த வார இறுதியில் இருக்கிறதே என்றும் சொன்னாள்.

என் மனைவியின் கைகள் அதன் பின் பேசியது போல் நான் ஒருபோதும் கண்டதில்லை. அவரை எழுப்பு. இப்போதே. மருத்துவமனை. வார இறுதி இல்லை. மகள் சிரித்தாள். தாய் சிரிக்கவில்லை. மகளின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல அகன்றது. எழுந்து உள்ளே போனாள்.

“நீங்க இங்கிலீஸ்ல அடிங்க,” என்றாள் என்னிடம். “பிரஷர் பாக்கணும். மூத்திரம் பாக்கணும். தலைவலி, கண்ணுல பூச்சி பறக்குது, கை கால் வீக்கம். இன்னைக்கே. எழுதுங்க, யாரும் யாருக்காகவும் பதில் சொல்ல வேணாம்னும் எழுதுங்க.”

எழுதினேன். உறக்கம் கலையாத மருமகன் திரைமுன் வந்து, கருவியைக் காதில் மாட்டியபடி அதைப் படித்தார். ஒருமுறை என் மனைவியைப் பார்த்தார். தலையசைத்துவிட்டு மகளின் தோளில் ஒரு மேற்சட்டையைப் போர்த்தினார். இருவரும் போய்விட்டனர். வெறும் நாற்காலியையும் அதன் பின்னிருந்த திரைச்சீலையையும் கணினி காட்டிக்கொண்டிருந்தது. சீலை காற்றில் அசைந்தது. சிறிதும் தடையின்றி அசைந்தது.

“புள்ளைக்கு என்ன?” என்று பழுதுபார்ப்பவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“நேரத்தோட பாத்துட்டோம்னு நெனைக்கிறேன்,” என்றாள் என் மனைவி. அந்த ‘நெனைக்கிறேன்’ என்பதை அவள் வழக்கமாகத் தன் தொழிலில் பயன்படுத்துவதில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. தோட்ட மருந்தகத்தில் கருவுற்ற பெண்களைப் பரிசோதிக்கும் நாள். போகவேண்டாம் என்று நான் தடுத்தும் அவள் போனாள். நான் தொலைபேசியின் அருகே அமர்ந்திருந்தேன். முற்பகலில் அது ஒலித்தது. மருமகனின் குரல். இரத்த அழுத்தம் மிக உயர்ந்திருந்ததாம். காத்திருக்க இயலாதென்று அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்களாம். பிள்ளை சிறியது, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. இருவரும் உயிரோடு இருக்கிறார்கள், ஆபத்து நீங்கிவிட்டது. நான் ஏதேதோ கேட்டேன். தொலைபேசியில் நான் பேசுவது தமக்கு விளங்கவில்லை என்று சொல்லி, மீண்டும் ஒருமுறை ‘இருவரும் நலம்’ என்று கூறி வைத்துவிட்டார்.

மருந்தகத்தின் விறாந்தையிலிருந்த நீண்ட மர வாங்கில் பெண்கள் வரிசையாக அமர்ந்திருந்தனர். என் மனைவி உள்ளே ஒருத்தியின் அழுத்தத்தை அளந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டாள். அளவி முற்றாகத் தாழும்வரை பார்த்தாள், பட்டையைக் கழற்றினாள். அதன் பின்னரே நிமிர்ந்தாள்.

“சொல்லுங்க.”

“எடுத்துட்டாங்களாம். நல்லா இருக்காங்க.”

“ரெண்டு பேருமா?”

“ரெண்டு பேரும்.”

அவள் நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டாள். செய்தி வாங்கு முழுவதும் பரவியது. ஒரு பெண் எட்டிப் பார்த்து, “சேர், ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?” என்று கேட்டாள். நான் விழித்தேன். அதைக் கேட்டேனா என்பதே எனக்கு நினைவில்லை. கேட்டிருந்தாலும் விடை வரவில்லை. அனைவரும் சிரித்தனர். அவ்வளவு தூரம் கொம்பியூட்டரில் பார்த்தீர்களே, வயிறு கூராக இருந்ததா, அகன்று இருந்ததா, அதை வைத்துச் சொல்லிவிடலாமே என்று இன்னொருத்தி என் மனைவியை விடாமல் கேட்டாள்.

“நான் எங்கடி வயித்தப் பாத்தேன்? கையத்தான பாத்துக்கிட்டு இருந்தேன்,” என்றவள், முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துவிட்டு, அடுத்தவளை உள்ளே வரச் சொன்னாள்.